எஞ்சுமரபு: ‘வாழும் புதைபடிவம்’ என்னும் தொடருக்கு ஒரு மாற்று

சீலகாந்த் என்னும் ஆழ்கடல் மீனைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் ஆவணப்படங்களுக்குத் தமிழ்க்குரல் கொடுப்போரும் அதை ‘வாழும் புதைபடிவம்’ என்றே குறிக்கிறார்கள். அடுத்த வரியிலேயே ‘நாற்பது கோடி ஆண்டுகளாகச் சிறிதும் மாறாத மீன்’ என்றும் சேர்த்துவிடுகிறார்கள். அண்மையில் மாணவர்களுக்கென எழுதப்பட்ட கட்டுரை ஒன்றில் இதே தொடர் நுரையீரல்மீனுக்கும் ஸ்டர்ஜன் என்னும் மீனுக்கும் சுறாவுக்கும் வேறுபாடின்றிச் சூட்டப்பட்டிருந்தது. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதனாலேயே இது சரியான தொடராகிவிடாது. இது சொல்லளவிலும் பிழை, பொருளளவிலும் பிழை. பொருட்பிழைக்குப் பெரும்பாலும் சொற்பிழையே காரணமாகவும் இருக்கிறது.

‘புதைபடிவம்’ என்பதற்கு மூலமான ‘ஃபாசில்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு சுருக்கமானது. இலத்தீனில் ‘ஃபாசிலிஸ்’ என்றால் ‘தோண்டி எடுக்கப்பட்டது’ என்று பொருள். 1546இல் அக்ரிகோலா என்னும் ஜெர்மானிய அறிஞர் இச்சொல்லைத் தம் நூலின் தலைப்பில் ஆண்டபோது கனிமங்களும் கற்களும் உட்பட, மண்ணிலிருந்து தோண்டப்பட்ட யாவும் அதில் அடங்கின. பழைய உயிர்களின் கல்லாகிய எச்சங்களுக்கு மட்டும் அது உரியதானது பிற்காலத்தில்தான். உயிருடன் உள்ளவற்றைக் குறிக்க அதன் முன் ‘வாழும்’ என்ற அடையைச் சேர்த்துப் புகழ்பெறச் செய்தவர் சார்லஸ் டார்வின். 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில், ஒருகாலத்தில் பெருகியிருந்து இப்போது நன்னீரில் மட்டும் ஒதுங்கியிருக்கும் பளபளச் செதில் மீன்களையும், தென்னமெரிக்க நுரையீரல்மீனாகிய லெபிடோசைரனையும், வாத்தலகு விலங்கையும் சுட்டி, இவற்றைக் கிட்டத்தட்ட வாழும் ஃபாசில்கள் எனலாம் என்று அவர் எழுதினார். ‘கிட்டத்தட்ட’ என்பது அவருடைய சொல். ஒதுக்கிடங்களில் போட்டி குறைவாக இருந்ததால் இவை எஞ்சின என்பதே அங்கே அவருடைய வாதம். தமிழாக்கங்களில் முதலில் உதிர்ந்துபோனது அந்தக் ‘கிட்டத்தட்ட’தான்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘புதைபடிவம்’ என்பது மிக நல்ல ஆக்கம்; அதைக் குறை சொல்வதற்கு எதுவுமில்லை. புதைந்ததும் படிந்ததும் வடிவம் எஞ்சியதும் அந்த ஒரே சொல்லில் உள்ளன. அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில், டைனோசர்களின் கடைசிக் காலமாகிய கிரெட்டேசியத்தின் படிவுகளில் கிடைக்கும் சுறாப் பற்களை ஒருவர் ‘புதைபடிவம்’ என்று சொன்னால், கேட்பவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால் இந்தத் துல்லியமே ‘வாழும்’ என்ற அடையை ஏற்க மறுக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபாசில்’ தன் வேர்ப்பொருளிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது; காலத்துக்கு ஒவ்வாத கருத்துடைய முதியவரைக்கூட அச்சொல்லால் ஏளனம் செய்வார்கள். ஆகவே அங்கே ‘வாழும்’ என்ற அடை ஓர் அணிநயமாக நிற்கிறது. தமிழில் ‘புதைபடிவம்’ அப்படி விலகவில்லை. புதைந்து படிந்த ஒன்று எப்படி நீந்தும் என்று பத்து வயதுக் குழந்தை கேட்டால், அக்குழந்தை தமிழைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும். ‘உயிருள்ள தொல்லுயிர் எச்சம்’, ‘வாழும் தொல்படிமம்’ என்று சிலர் எழுதுவதும் இந்த முரணை நீக்கவில்லை. சொல்லை மாற்றி முரணை அப்படியே வைத்துக்கொள்கின்றன.

சொல்முரண் மட்டுமே குற்றமாக இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இத்தொடர் உண்மைக்குப் புறம்பான ஒரு படத்தையும் மனத்தில் பதிக்கிறது: பாறையில் கிடக்கும் அதே மீன் அப்படியே உயிர்பெற்று இன்றும் நீந்துகிறது என்ற படம். சீலகாந்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. லூயி அகாசி என்னும் சுவிஸ் இயற்கையியலாளர் 1839இல் இங்கிலாந்தின் பெர்மியன் காலப் பாறையிலிருந்து கிடைத்த மீனுக்கு, அதன் வால்துடுப்பின் முட்கள் உள்ளீடற்றிருந்ததால், ‘புழையுள்ள முள்’ என்னும் பொருள்பட கிரேக்கத்தில் ‘சீலகாந்தஸ்’ என்று பெயரிட்டார். அதன்பின் ஏறத்தாழ 41 கோடி ஆண்டுப் பழமையுள்ள டெவோனியன் பாறைகள் முதல் கிரெட்டேசியத்தின் இறுதிவரை இம்மரபின் மீன்கள் கிடைத்தன. அதற்குப் பிந்திய பாறைகளில் சுவடே இல்லாததால் மரபே அழிந்தது என்று கருதப்பட்டது. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் சலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் வலையில் சிக்கிய மீன் ஒன்றை ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தின் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் தனித்து அடையாளம் கண்டு காத்தார், மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித் அதற்கு ‘லாட்டிமேரியா சலும்னே’ என்று பெயரிட்டார். கவனிக்கவேண்டியது இந்தப் பெயரைத்தான். ஸ்மித் அதை ஏற்கெனவே அறியப்பட்ட எந்தப் புதைபடிவப் பேரினத்திலும் (நெருங்கிய இனங்களின் தொகுதியிலும்) சேர்க்கவில்லை. புதியதொரு பேரினத்தை உருவாக்கினார். லாட்டிமேரியாவின் புதைபடிவம் இன்றுவரை எங்கும் கிடைத்ததில்லை. புதைபடிவமே கிடைக்காத ஒரு மீனைத்தான் உலகின் முதன்மையான ‘வாழும் புதைபடிவம்’ என்கிறோம்!

‘மாறாத மீன்’ என்று சொல்வோர் பாறையில் உள்ள அதன் உறவினர்களைச் சற்றே பார்க்கவேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கண்டெடுக்கப்பட்டு 2012இல் விவரிக்கப்பட்ட ட்ரயாசிக் காலத்து ரெபெல்லாட்ரிக்ஸ், கவைபட்ட வாலுடன் விரைந்து நீந்தி வேட்டையாடியது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கார்பனிஃபெரஸ் காலச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து கிடைத்த அலெனிப்டெரஸ் முதுகு கூனி, பின்னுடல் ஒடுங்கி, சீலகாந்த் என்றே நம்பமுடியாத தோற்றம் கொண்டது. பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைக்கும் மாவ்சோனியா மூன்று மீட்டருக்கும் மேல் வளர்ந்து ஆறுகளிலும் உவர்நீரிலும் வாழ்ந்தது. நம் கோதாவரிப் படுகையின் கோட்டா படிவுகளிலிருந்தும் ஜுராசிக் காலச் சீலகாந்த் ஒன்று 1974இல் விவரிக்கப்பட்டுள்ளது. இவற்றுள் சிலவற்றின் நுரையீரலைச் சுற்றிச் சுண்ணமேறிய தகடுகள் இருந்தன. ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட லாட்டிமேரியாவிலோ நுரையீரல் சிறு எச்சமாகக் குறுகி, மிதப்புக்குக் கொழுப்பு நிறைந்த வேறோர் உறுப்பு உதவுகிறது. இத்தனை மாற்றங்களையும் ‘சிறிதும் மாறாத’ என்ற ஒரே அடைமொழியால் மூடிவிடுவது மொழிபெயர்ப்பாளருக்கு அழகன்று.

நுரையீரல்மீனின் வரலாறு இன்னும் தெளிவானது. டெவோனியன் காலத்தில் இவற்றுள் பல கடலில் வாழ்ந்தன. முதுகுத் துடுப்புகளும் குதத் துடுப்பும் வாலும் தனித்தனியாக இருந்தன. இன்று எஞ்சியுள்ள ஆறு இனங்களும் நன்னீருக்குரியவை. அத்துடுப்புகள் ஒன்றாகி வாலோடு சேர்ந்துவிட்டன. மண்டையோட்டுத் தகடுகளும் குறைந்துவிட்டன. 1949இல் வெஸ்டோல் என்னும் ஆய்வாளர் இம்மாற்றங்களை எண்ணிக் காட்டினார்: தொடக்கத்தில் மிக விரைவு, பிறகு நெடுங்காலம் மந்தம். வெளியுருவின் மந்தத்தைக் கண்டு உள்ளேயும் எல்லாம் நின்றுவிட்டது என்று எண்ணுவதற்கும் இடமில்லை. டார்வின் சுட்டிய அதே லெபிடோசைரனின் மரபணுத்தொகுதி 2024இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. ஏறத்தாழ 9,100 கோடி டி.என்.ஏ. எழுத்துகளுடன் மனிதருடையதைப்போல் முப்பது மடங்கு பெருத்து, விலங்குகளில் படிக்கப்பட்டவற்றிலேயே மிகப் பெரியதாக அது நின்றது.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘கார்’ எனப்படும் வட அமெரிக்க நீள்மூக்கு மீன்களின் மரபணு மாற்ற வீதம், ஒப்பிடப்பட்ட தாடையுள்ள முதுகெலும்பிகளில் மிகக் குறைவு என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த இரு கார் பேரினங்கள்கூட இன்றும் கலந்து கருவளமுள்ள குஞ்சுகளை ஈனுகின்றன. இது வியப்புக்குரிய மந்தந்தான். ஆனால் மந்தம் வேறு, மாறாமல் நின்றுவிடுதல் வேறு. இவ்வேறுபாட்டைக் காட்டச் சொற்கள் தமிழில் நிறையவே உள்ளன; அவற்றைப் பயன்படுத்தும் பொறுமைதான் குறைந்துவருகிறது.

‘பரிணாம வளர்ச்சி அடையாத மீன்’ என்று எழுதுவோரின் பிழை இதனினும் கடுமையானது. பரிணாமம் என்பதன் வால்போல ‘வளர்ச்சி’யை எங்கும் ஒட்டிவிட்டதால், மாற்றம் என்றாலே ஏணியில் ஏறுவது என்றும், ஏறாதவை பின்தங்கியவை என்றும் ஒரு தப்பெண்ணம் வேரூன்றிவிட்டது. அதன் தொடர்ச்சியாகவே சீலகாந்தை ‘நம் மூதாதை’ என்றும் எழுதுகிறார்கள். அது நம் மூதாதையன்று. நம்மோடு ஒரே காலத்தில் வாழும் தூரத்து உறவு. மனிதர் உட்பட நான்கு கால் மரபில் வந்த முதுகெலும்பிகளுக்கு அதனைவிட நெருங்கிய உறவு நுரையீரல்மீன் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன.

அப்படியானால் எந்தச் சொல்லை ஆள்வது? இம்மீன்களுக்கெல்லாம் பொதுவான பண்பு பழமையன்று, மாறாமையும் அன்று. ஒருகாலத்தில் கிளைத்துப் பரவியிருந்த மரபில் பல கிளைகள் அற்றுப்போய், சில மட்டும் மிஞ்சியிருத்தலே அவற்றின் பொதுப்பண்பு. இதைச் சொல்ல ‘எஞ்சு’ என்னும் வினையடி நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து பிறந்த ‘எச்சம்’ மிஞ்சியதையும் குறிக்கும், வழித்தோன்றலையும் குறிக்கும்; ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்’ என்னும் குறளில் அச்சொல்லுக்கு மக்கள் என்று பொருள்கொண்ட உரையாசிரியர்கள் உண்டு. மிஞ்சியதும் வழிவந்ததும் ஒரே சொல்லில் அமைவதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? ஆயினும் ‘எச்சம்’ என்பதை அப்படியே எடுக்கத் தடைகள் உள்ளன. ‘தொல்லுயிர் எச்சம்’ என்பது புதைபடிவத்துக்கே பெயராகிவிட்டது. அன்றாட வழக்கில் பறவையின் கழிவையும் அது குறிக்கிறது. ஆகவே வினையடியை நேரே மரபோடு சேர்த்து ‘எஞ்சுமரபு’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. இது வினைத்தொகை. எஞ்சிய மரபு, எஞ்சுகின்ற மரபு, எஞ்சும் மரபு என முக்காலமும் இதில் அடங்கும். ‘புதைபடிவம்’ அமைந்த அதே இலக்கண முறையில் அமைவதால் இரண்டு சொற்களும் ஒரே கட்டுரையில் அருகருகே நிற்கும்போது உறவும் வேறுபாடும் தெளிவாகின்றன: முன்னது பாறையில் இருப்பது, பின்னது நீரில் இருப்பது.

‘தொன்மீன்’ போதாதா என்று கேட்கலாம். போதாது. தொன்மை மட்டுமே அதில் இருக்கிறது. டெவோனியனில் அழிந்துபோன கவசமீனும் தொன்மீனே. ‘மாறா உயிரி’ என்பதோ மேலே கண்ட பொய்யைப் பெயராகவே ஆக்கிவிடுகிறது. சொல் தூய தமிழாக இருப்பது எனக்கு முதன்மையானதே. ஆனால் தூய தமிழில் ஒரு பொய்யைச் சொல்வதைவிட, ‘ஃபாசில்’ என்று எழுதி உண்மையைச் சொல்வது மேல்.

ஆக, ‘சீலகாந்த் ஓர் எஞ்சுமரபு மீன், இம்மரபில் இன்று இரண்டு இனங்களே உள்ளன, ஒன்று ஆப்பிரிக்கக் கிழக்குக் கடலிலும் மற்றது இந்தோனேசியக் கடலிலும்’ என்று எழுதலாம். நுரையீரல்மீன், கார், ஸ்டர்ஜன், ஆப்பிரிக்க ஆறுகளின் பாலிப்டெரஸ், வட அமெரிக்காவின் ஏமியா ஆகியவற்றுக்கும் இச்சொல் பொருந்தும். சுறாவுக்குப் பொருந்தாது. சுறாக்களில் இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உலகக் கடல்களெங்கும் பரவியுள்ளன. அவை எஞ்சியவை அல்ல, தழைத்திருப்பவை. ‘வாழும் புதைபடிவம்’ என்று எழுதும்போது சுறாவையும் சீலகாந்தையும் ஒரே பட்டியலில் இட எவருக்கும் தயக்கம் வருவதில்லை. ‘எஞ்சுமரபு’ என்று எழுத முனைந்தால், எத்தனை இனங்கள் எஞ்சியுள்ளன என்று எழுதுபவர் ஒருமுறை எண்ணிப்பார்த்தே ஆகவேண்டும்.