மல்பாசே அணையின் இடக்கரை

1959 டிசம்பர் 2, இரவு 9.13 மணி. தென் பிரான்சின் ஃபிரேஜூஸ் நகருக்கு மேலே, ரேய்ரான் ஆற்றின் குறுக்கே நின்ற மல்பாசே அணை உடைந்தது. சுமார் 5 கோடி கன மீட்டர் தண்ணீர் பள்ளத்தாக்கில் பாய, 420க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அணையை வடிவமைத்த ஆந்த்ரே குவான், வளைவு அணைகளில் அன்று உலகமே மதித்த பொறியாளர். வில்போல் வளைந்து, தண்ணீரின் உந்துதலை இரு கரைப் பாறைகளுக்கும் கடத்துவது வளைவு அணை. விசாரித்தவர்கள் கான்கிரீட்டில் குறை காணவில்லை. இடக்கரையில் அணையைத் தாங்கிய பாறைதான் இடம்பெயர்ந்து போயிருந்தது.

பாறை எப்படி விலகிப் போகும்? நல்ல கருங்கல்லில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒன்று முதல் இரண்டு டன் எடையைத் தாங்கும். ஆனால் அது கையில் அடங்கும் துண்டைச் சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்த்துச் சொல்லும் கணக்கு. மலை அப்படி ஒரே கல்லாக இருப்பதில்லை. எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது அதில் வெடிப்பு விழுகிறது. மேலே இருந்த பாறை அரித்துப்போய்ச் சுமை குறைந்தால், அடியில் இருப்பது விரிந்து வெடிக்கிறது. நிலத்தட்டுகள் நெருக்கும்போதும் அப்படியே. ஆகவே நாம் மலை என்று காண்பது, ஒட்டாமல் அடுக்கிவைத்த கற்களின் குவியலுக்கு நெருக்கமானது. அதன் பலத்தைக் கற்களைவிட இடுக்குகளே அதிகம் தீர்மானிக்கின்றன.

ஒரு பலகையின் மேல் புத்தகத்தை வைத்துப் பலகையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். குறிப்பிட்ட சாய்வு வரும்வரை புத்தகம் அசையாது; அதைத் தாண்டியதும் வழுக்கும். பாறை வெடிப்புகளில் அந்தச் சாய்வு பெரும்பாலும் 30 பாகையை ஒட்டி இருக்கும். வெடிப்பின் இரு முகங்களும் சொரசொரப்பாக, ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்தி இருந்தால் இன்னும் செங்குத்தான சாய்விலும் தாங்கும். நடுவே களிமண் புகுந்திருந்தால் பிடிமானம் வெகுவாகக் குறைந்துவிடும். சுமை வரும் திசையும் முக்கியம்: மேலிருந்து அழுத்தும்போது, கிடைமட்டமான வெடிப்பு பெரிதாகக் கெடுதல் செய்யாது; ஏறக்குறைய 60 பாகை சாய்ந்த வெடிப்பு அதே கல்லைப் பாதியிலும் குறைந்த சுமையில் நழுவ வைத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது தண்ணீருக்குத்தான். சுடுநீரில் கழுவிய டம்ளரை ஈர மேசையில் கவிழ்த்து வைத்தால், சில நேரம் அது தானாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே சிக்கிய காற்று சூடாகி விரிந்து டம்ளரைச் சற்றே தூக்குகிறது, உராய்வு போய்விடுகிறது. வெடிப்பில் அழுத்தத்துடன் நிற்கும் தண்ணீரும் இதையேதான் செய்கிறது. பாறையைக் கரைக்க வேண்டியதில்லை, இளக்க வேண்டியதில்லை. இரு முகங்களும் ஒன்றை ஒன்று அழுத்தும் விசையைக் குறைத்தாலே போதும்.

மல்பாசேயில் இத்தனையும் ஒரே கரையில் கூடிவிட்டன. அங்கே இருந்தது நைஸ் என்னும் உருமாறிய பாறை. ஏடு ஏடாகப் பிரியும் தன்மை கொண்டது. இடக்கரையில் அந்த ஏடுகள் அணையின் உந்துதலுக்கு இணையான திசையில் கிடந்தன. அதனால் சுமை பக்கவாட்டில் பரவாமல், குறுகிய பட்டையாகப் பாறைக்குள் ஆழமாக இறங்கியது. அந்தப் பட்டையில் வெடிப்புகள் நெருக்குண்டு மூடிக்கொள்ள, நீர்த்தேக்கத்திலிருந்து கசிந்த தண்ணீர் வழியின்றி அங்கே முட்டி நின்றது. அணைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அணை எழுந்தது போல. அடியில், எதிர்த்திசையில் சாய்ந்து, களிமண் கலந்த ஒரு பெயர்ச்சிப் பிளவு, அதாவது இருபுறப் பாறைகளும் ஒன்றை ஒன்று உரசி நகர்ந்த வெடிப்பு, குறுக்கே ஓடியது. கட்டுமானத்துக்கு முந்தைய ஆய்வில் அது கண்ணில் படவில்லை. நவம்பர் இறுதியில் கொட்டிய மழையில் அணை முதன்முறையாக விளிம்புவரை நிரம்பியது. ஏடுகளுக்கும் பிளவுக்கும் நடுவே ஆப்பு வடிவில் இருந்த பாறையைத் தண்ணீர் தூக்கித் தள்ளியது.

மெல்லிய வளைவு அணைகளில் அடிப்பாறையின் நீரழுத்தத்தைப் பொருட்படுத்தும் வழக்கம் அதுவரை இல்லை. இன்று அணை கட்டுவோர் கரைப்பாறைக்குள் சுரங்கம் குடைந்து, அங்கிருந்து வடிகால் துளைகள் இட்டு, தேங்கும் நீரை வெளியேற்றுகிறார்கள். அழுத்தமானிகளைப் புதைத்து ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கிறார்கள். மல்பாசேயின் இடிபாடு இன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வலக்கரையில் அணையின் அடிப்பகுதி நிற்கிறது. இடக்கரையில், ஆப்பு பெயர்ந்த இடத்தில், பாறை வெட்டியெடுத்தது போல் ஒரு பள்ளம்.