பக்கெட்டுக்குப் பெயர் வைக்கும் முன்

நிரல் வழியாக கிளவுட்டில் ஒரு பக்கெட் (இணையவழிக் கணினிகளில் கோப்புகளைப் போட்டு வைக்கும் கொள்கலன்) உருவாக்க நாலு வரி போதும். ஆனால் அந்த நாலு வரியில் எழுதும் இரண்டு விஷயங்களைப் பிறகு திருத்த முடியாது. ஒன்று பக்கெட்டின் பெயர், மற்றது அது இருக்கப்போகும் வட்டாரம், அதாவது கோப்புகளைத் தாங்கும் கணினி மையங்கள் அமைந்த இடம். அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3இல் பெயரை மாற்றும் கட்டளையே கிடையாது. வேறு பெயர் வேண்டுமென்றால் புது பக்கெட் உருவாக்கி, கோப்புகளை எல்லாம் நகலெடுத்து, பழைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலையும் இணைப்பையும் தேடித் திருத்த வேண்டும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இந்த வேலை யார் கையில் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டிப் படங்கள், ஆலயத் திருப்பணி ரசீதுகள், செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளின் எடைச்சீட்டுகள் என எதுவானாலும் கணினி படித்த பிள்ளை ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போய்விடுவார். அவர் வைத்த பெயர் மட்டும் வருடக்கணக்கில் இருக்கும். ஏன் அப்படி வைத்தார் என்று சொல்ல ஆள் இருக்காது. அதனால்தான் தொடங்கும்போதே சரியாகச் செய்துவிடுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

முதலில் விதிகள். எஸ்3இல் பெயர் 3 முதல் 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ரோமன் சிற்றெழுத்து, எண், இணைப்புக்கோடு, புள்ளி இவை மட்டுமே செல்லும். தொடக்கமும் முடிவும் எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்க வேண்டும். இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரக்கூடாது. 192.168.5.4 போல ஐபி முகவரியின் வடிவிலும் இருக்கக்கூடாது. பேரெழுத்து, இடைவெளி, அடிக்கோடு, அடைப்புக்குறி, தமிழ் எழுத்து எதுவும் செல்லாது. கீழே வரும் பெயர்களை ஒலிப்பைக் கொண்டு தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ரோமன் எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

புள்ளி விதிப்படி செல்லும், ஆனால் வைக்காதீர்கள். மலேசியாவில் 'சுங்கை' என்பதைச் சுருக்கி 'எஸ்ஜி' என்று எழுதி ஒரு புள்ளி வைப்பது நம் பழக்கம். அந்தப் புள்ளி அப்படியே பக்கெட் பெயருக்குள் போய்விடும். எஸ்3 முகவரியில் பக்கெட் பெயர் தளப்பெயருக்கு முன்னால் வருகிறது. அமேசானின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்த இடத்தில் புள்ளியில்லாத ஒரே ஒரு துண்டைத்தான் ஏற்கும். பெயருக்குள் புள்ளி இருந்தால் உலாவி சான்றிதழ் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். உருவாக்கும்போது எந்தப் பிழையும் வராது என்பதுதான் இதில் உள்ள தொல்லை. பள்ளியின் பக்கத்தில் படம் தெரியவில்லை என்று பெற்றோர் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்பும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

நம் ஊர் நிரல்கள் அதிகம் சறுக்குவது, பயனர் தட்டும் பெயரிலிருந்து பக்கெட் பெயரை உண்டாக்கும் இடத்தில். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் அதிகாரப்பூர்வப் பெயர் 'எஸ்ஜேகே(டி) லாடாங்' (தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி, லாடாங் என்றால் தோட்டம்) என்று தொடங்குவதைப் பாருங்கள். பேரெழுத்து, அடைப்புக்குறி, இடைவெளி மூன்றும் அதில் இருக்கின்றன. செல்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஓர் இணைப்புக்கோடு போடும்படி நிரல் எழுதினால் 'எஸ்ஜேகே-டி--லாடாங்' என்று நடுவில் இரட்டைக் கோடு வரும். எஸ்3 அதை ஏற்றுக்கொள்ளும். மைக்ரோசாப்ட்டின் கிளவுட் சேவையான அஷூர் மறுத்துவிடும், ஏனென்றால் அங்கே கண்டெய்னர் (பக்கெட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்) பெயரில் இரண்டு கோடுகள் சேர்ந்து வரக்கூடாது. ஆகவே அடுத்தடுத்த கோடுகளை ஒன்றாகச் சுருக்கிவிடுங்கள்.

அடுத்தது நீளம். 63 எழுத்தில் வெட்டும்போது வெட்டு ஒரு கோட்டின் மேல் விழுந்தால் பெயர் கோட்டில் முடியும், எஸ்3 அதைத் திருப்பி அனுப்பும். தோட்டப் பெயர்கள் நீளமானவை, முன்பாதி ஒன்றுபோல் இருப்பவை. வெட்டினால் இரண்டு தோட்டங்களுக்கு ஒரே பெயர் அமைந்துவிடவும் கூடும். சரியான வரிசை இது: எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்குங்கள், செல்லாத குறிகளைக் கோடாக்குங்கள், கோடுகளைச் சுருக்குங்கள், 45 எழுத்தில் வெட்டுங்கள், இரு முனையிலும் மிஞ்சும் கோட்டை நீக்குங்கள். அதன் பிறகுதான் பின்னொட்டை, அதாவது பெயரின் கடைசியில் வரும் குலுக்கல் எழுத்துகளை, சேர்க்க வேண்டும். பின்னொட்டைச் சேர்த்துவிட்டு வெட்டினால் பின்னொட்டே அறுந்துபோகும், அதை வைத்ததில் பயனில்லை.

பின்னொட்டு எதற்கு? எஸ்3இன் வழக்கமான பக்கெட் பெயர் உங்கள் கணக்குக்குள் மட்டும் தனித்து இருந்தால் போதாது. எல்லாருடைய கணக்குகளிலும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். 2006 மார்ச் முதல் இந்தச் சேவை நடந்துவருகிறது, எளிய பெயர்கள் எப்போதோ போய்விட்டன. 'தமிழ்பள்ளி' என்றோ 'சுங்கைசிப்புட்' என்றோ கேட்டால் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்ற 409 பிழை வர நிறைய வாய்ப்பு உண்டு. எங்கள் பரிந்துரை இந்த அமைப்பு: அமைப்பின் சுருக்கம், பணி, சோதனையா நடப்பா என்ற குறிப்பு, வட்டாரம், கடைசியில் குலுக்கலாக எடுத்த ஆறு முதல் எட்டு எழுத்து. எடுத்துக்காட்டாக, 'கேஎஸ்எஸ்-எடைசீட்டு-நடப்பு-எம்ஒய்-7கே2எம்9எக்ஸ்'. கண்ணுக்கு அழகாக இல்லைதான். ஆனாலும் வெளியாள் ஊகிக்க முடியாத பெயர் என்பதே அதன் பலம். பொதுவான சொற்களைக் கோத்து பக்கெட் பெயர்களை ஊகித்துத் தேடும் கருவிகள் இணையத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பக்கெட் பெயர் ரகசியமில்லை என்பதையும் மனதில் வையுங்கள். அது இணைய முகவரியில் தெரியும், பதிவேடுகளில் தெரியும். பூட்டிய பக்கெட்டாக இருந்தாலும் அப்படி ஒரு பெயர் உண்டா என்று எவரும் கேட்டுப் பார்க்கலாம்: 404 வந்தால் இல்லை, 403 வந்தால் உண்டு ஆனால் அனுமதி இல்லை. ஆகவே ஆள் பெயர், தொலைபேசி எண், குறிப்பாக அடையாள அட்டை எண் எதையும் பக்கெட் பெயரில் போடாதீர்கள், கோப்புப் பெயரிலும் போடாதீர்கள். நம் 12 இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக்கில் பிறந்தவருக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். தொழிலாளியின் சம்பளச்சீட்டை அந்த எண்ணையே பெயராக வைத்துச் சேமித்தால், கோப்பைத் திறக்காமலே அவருடைய பாதி விவரம் வெளியே போய்விடுகிறது.

இது சட்டமும்கூட. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளில் கையாளப்படும் தரவுக்குப் பொருந்தும். தோட்ட நிறுவனமும் லோரிக் குத்தகையாளரும் அதற்குள் வருகிறார்கள். 2024 திருத்தத்துக்குப் பிறகு, 2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பை உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தின் தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் பத்து லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

இனி வட்டாரம். அமேசானின் மலேசிய வட்டாரம் 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. அதன் குறியீடு 'ஏபி-சவுத்ஈஸ்ட்-5'. சிங்கப்பூர் 'ஏபி-சவுத்ஈஸ்ட்-1'. மலேசிய வட்டாரத்தை உங்கள் கணக்கின் அமைப்புப் பக்கத்தில் முதலில் இயக்கிவிட வேண்டும், தானாகத் திறந்திருக்காது. இயக்காமல் நிரலை ஓட்டினால் காரணம் புரியாத பிழைதான் வரும். திறவுகோல் (நிரல் கணக்குக்குள் நுழையத் தரும் ரகசியக் குறியீடு) தவறோ என்று அதையே மாற்றி மாற்றிப் பார்த்து மாலைப்பொழுது கழிந்துவிடும்.

பைத்தான் நிரல்மொழியில், அமேசான் சேவைகளை அழைக்க உதவும் போட்டோ3 நூலகத்தைக் கொண்டு உருவாக்கும்போது வட்டாரத்தை இரண்டு இடங்களில் சொல்ல வேண்டும். எஸ்3உடன் பேசும் கிளையன்ட்டை நிரலில் உண்டாக்கும்போது ஒருமுறை, 'கிரியேட் பக்கெட்' அழைப்பில் 'லொகேஷன் கன்ஸ்ட்ரெய்ண்ட்' என்ற மதிப்பாக இன்னொரு முறை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிட்டால் வட்டாரக் கட்டுப்பாடு பொருந்தவில்லை என்ற பிழை வரும். இரண்டையுமே விட்டுவிட்டு, கணினியின் அமைப்பிலும் மலேசியா குறிக்கப்படவில்லையென்றால் பக்கெட் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் போய் உட்காரலாம். பிழை வராது, கோப்புகள் ஏறும், எல்லாம் நடக்கும். சுங்கை சிப்புட்டில் பிடித்த மாணவர் படம் பசிபிக் கடலைத் தாண்டிப் போய்வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. வர்ஜீனியா வட்டாரத்துக்கு மட்டும் வேறு வழக்கம்: அங்கே அந்த மதிப்பைத் தரவே கூடாது. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டு நிரல்களில் பல அதற்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே ஒட்டினால் நமக்கு ஓடாததற்கு இதுவே காரணம்.

பெயர் காலியா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு உருவாக்கும் முறையை விட்டுவிடுங்கள். கேட்டதற்கும் உருவாக்குவதற்கும் இடையில் வேறொருவர் எடுத்துவிடலாம். நேராக உருவாக்கச் சொல்லுங்கள், வரும் பதிலைப் பிரித்துப் பாருங்கள். 'பக்கெட் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' என்றால் அந்தப் பெயர் பிறருடையது, புதுப் பின்னொட்டோடு மறுபடி முயலலாம். 'பக்கெட் ஆல்ரெடி ஓன்ட் பை யூ' என்றால் உங்களிடமே இருக்கிறது, மேலே தொடரலாம். இரண்டும் 409தான். எண்ணை மட்டும் பார்க்கும் நிரல், பிறருடைய பக்கெட்டை நம்முடையது என்று எடுத்துக்கொண்டு அதில் கோப்புகளை ஏற்றப் பார்க்கும். அந்தப் பிறர் தம் பக்கெட்டை எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தால் கோப்புகள் உண்மையிலேயே அங்கே போய்ச் சேரும். இதைத் தடுக்க ஒவ்வோர் அழைப்பிலும் 'எக்ஸ்பெக்டட் பக்கெட் ஓனர்' என்ற இடத்தில் உங்கள் 12 இலக்கக் கணக்கு எண்ணைத் தாருங்கள். உரிமையாளர் வேறாக இருந்தால் எஸ்3 403 சொல்லி நிறுத்திவிடும். இதை நிறையப் பேர் போடுவதில்லை. ஒரு வரிதான், போட்டுவிடுங்கள்.

மாணவருக்கு ஒன்று, லோரிக்கு ஒன்று என்று பக்கெட் உருவாக்கிக்கொண்டே போகவும் வேண்டாம். உருவாக்கும் வேலை அமைப்பை நிறுவும்போது ஒருமுறை நடக்க வேண்டியது, அன்றாட ஓட்டத்தில் வரவே கூடாது. அன்றாடம் ஓடும் நிரலின் திறவுகோலுக்குக் கோப்பு ஏற்றவும் படிக்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள். ஆண்டு, மாதம், வகுப்பு, தோட்டப் பிரிவு இவற்றைப் பிரிக்கக் கோப்புப் பெயரின் முன்னொட்டே போதும்.

கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து தாராளமாக வரலாம். அதன் எல்லை 1024 பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகும். ஒகர, ஓகார, ஔகார வரிசைகளில் மட்டும் கவனம் தேவை. 'கொ' என்பதை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்புடன் கால் சேர்ந்த ஒரே குறியாக வைத்தால் 6 பைட், கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. எஸ்3க்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். ஒரு கணினியில் ஏற்றிய 'கொடிநாள்' படத்தை இன்னொரு கணினியிலிருந்து கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வர இதுவே காரணமாக இருக்கலாம். ஏற்றும் முன்னும் தேடும் முன்னும் பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யுனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள். பைத்தானில் 'யுனிகோட்டேட்டா' நூலகம் அதைச் செய்துவிடும்.

பக்கெட் பிறந்த கையோடு செய்ய வேண்டியவை சில உண்டு. 2023 ஏப்ரல் முதல் புது பக்கெட்டுகளுக்குப் பொது அணுகல் தானாகவே அடைபட்டிருக்கிறது. அதைத் திறந்துவிடச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள். கோப்பின் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் பதிப்புக் காப்பை இயக்குங்கள், தவறி அழித்த கோப்பை மீட்கலாம். முடியாமல் நின்றுபோன துண்டுப் பதிவேற்றங்களை 7 நாளில் அழிக்கும் விதியையும் சேருங்கள். தோட்டத்தில் லைன் விட்டுவிட்டு வரும்போது பெரிய கோப்பு பாதியில் நிற்கும். ஏறிய துண்டுகள் கோப்புப் பட்டியலில் தெரியாது, கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பொறுப்பாளர் யார், எந்தச் சங்கம் என்பதையெல்லாம் பெயருக்குள் திணிக்காமல், பக்கெட்டோடு ஒட்டி வைக்கும் ஒட்டுக்குறிகளில் (டேக்) எழுதுங்கள். அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கூகுள் கிளவுட்டில் விதிகள் ஏறக்குறைய இதேதான். அங்கே அடிக்கோடு செல்லும், 'கூக்' என்று தொடங்கும் பெயர் செல்லாது. அஷூரில் உலகம் முழுக்கத் தனித்திருக்க வேண்டியது சேமிப்புக் கணக்கின் பெயர்: 3 முதல் 24 எழுத்து, கோடுகூடக் கூடாது. அதற்குள் இருக்கும் கண்டெய்னர் பெயர் அந்தக் கணக்குக்குள் தனித்திருந்தால் போதும். மூன்றிலும் செல்லும்படி பெயர் வைக்க நினைத்தால் அஷூரின் 24 எழுத்தை அளவாகக் கொள்ளுங்கள்.

கடைசியாக, அழிப்பது. எஸ்3 பக்கெட்டை அழித்த சிறிது நேரத்தில் அந்தப் பெயரை உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பள்ளித் தளத்தின் துணைமுகவரி ஒன்று அந்தப் பெயரைச் சுட்டிக்கொண்டே இருந்தால், புதிதாக எடுத்தவர் வைப்பதெல்லாம் பள்ளியின் முகவரியில் தெரியும். அது சூதாட்ட விளம்பரமாகவும் இருக்கலாம். பழைய நிரல் ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் எடைச்சீட்டுகள் நேராக அந்நியர் கைக்குப் போகும். ஆகவே முதலில் டொமைன் அமைப்பில் உள்ள சுட்டியை நீக்குங்கள். பிறகு நிரல்களிலும் அச்சிட்ட கியூஆர் குறிகளிலும் அந்தப் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதன் பின் பழைய பதிப்புகளையும் சேர்த்து பக்கெட்டைக் காலி செய்யுங்கள். காலி பக்கெட்டுக்குச் சேமிப்புக் கட்டணம் கிடையாது. அனுமதியில்லாத வெளியார் தட்டிப் பார்ப்பதற்கும் 2024 மே முதல் உரிமையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதனால் பக்கெட்டை அழிக்காமல், காலியாகவும் பூட்டியும் உங்கள் பெயரிலேயே விட்டுவையுங்கள். எந்தக் கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கின் மின்னஞ்சல் யாரிடம் இருக்கிறது என்பதைச் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த செயலாளரிடம் ஒப்படையுங்கள்.