யாரும் வாய் திறக்காவிட்டால் அது சம்மதம்

ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் பொதுக்குழு கூடுகிறது. தலைவர் தீர்மானத்தை முன்வைத்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார். யாரும் பேசாவிட்டால் சுத்தியலைத் தட்டிவிடுவார். அவ்வளவுதான், 166 உறுப்பினர்களும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.

ஓட்டெடுப்புக்கும் விதியில் இடம் உண்டு. ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆனால் அந்தப் பக்கம் அநேகமாக யாரும் போவதில்லை. ஒருமித்த முடிவு என்றால், கூட்டத்தில் இருப்பவர்களில் ஒருவரும் முறைப்படி எதிர்க்கவில்லை என்பதுதான் பொருள். கூட்டத்துக்கு வராதவர் எதிர்த்தவர் ஆகமாட்டார். ஜெனீவாவில் அலுவலகம் வைக்க வசதியில்லாத ஏழை நாட்டுக்கு இது எத்தனை வசதியான விதி என்று சொல்லவேண்டியதில்லை!

ஆனால் உட்கார்ந்திருக்கும் ஒரே நாடு நினைத்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். 2014 ஜூலையில் இந்தியா அதைத்தான் செய்தது. சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் ஒப்பந்தத்துக்கு முந்தைய டிசம்பரில் பாலியில் சம்மதித்திருந்தாலும், அதை விதிகளில் சேர்க்கும் கட்டத்தில் மறுத்தது. காரணம் நெல்லும் கோதுமையும். ரேஷனுக்காக அரசு கொள்முதல் செய்யும்போது தரும் மானியத்தை 1986-88ம் ஆண்டுகளின் விலையோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். அது விளைச்சல் மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டால் மானியம் ஊதிப் பெரிதாகத்தானே தெரியும்? கடைசியில் அமெரிக்காவோடு தனியாகப் பேசித் தீர்த்தபின், நவம்பரில் ஒப்பந்தம் நகர்ந்தது. பெரிய நாடுகள் தனியே பேசி முடிப்பதும், மற்றவர்கள் பிறகு தலையாட்டுவதும் இங்கே பழைய வழக்கம்.

நாடுகளுக்கிடையே வழக்கு வந்தால் இதே விதி தலைகீழாகிறது. விசாரணைக் குழுவின் தீர்ப்பை நிராகரிக்க எல்லோரும் ஒப்பவேண்டும். ஜெயித்த நாடும் அந்த ‘எல்லோரில்’ அடக்கம் என்பதால், தீர்ப்பு தானாகவே நிலைத்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் ஓர் ஓட்டையை விட்டுவிட்டார்கள்: மேல்முறையீட்டு அமைப்பின் ஏழு பேரை நியமிப்பது மட்டும் பழைய விதிப்படிதான்.

2017 முதல் அமெரிக்கா புதிய நியமனங்களைத் தடுத்தது. ஒரு வழக்குக்கு மூன்று பேர் தேவை. 2019 டிசம்பரில் ஒருவர்தான் மிஞ்சினார். ஆட்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவோம் என்று 130 உறுப்பினர்கள் சேர்ந்து கேட்டும் நடக்கவில்லை.

இப்போது தோற்ற நாடு மேல்முறையீடு செய்தால் போதும், வழக்கு அந்தரத்தில் தொங்கும். கரும்பு, சர்க்கரை மானியம் பற்றிப் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் குவாத்தமாலாவும் தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இந்தியா உடனே மேல்முறையீடு செய்தது, விசாரிக்க ஆளில்லாத அமைப்பிடம்.