செனோடாஃப்: தமிழில் எப்படிச் சொல்வது?

பினாங்கு எஸ்பிளனேடில் நிற்கும் போர் நினைவுக் கல்லைச் செனோடாஃப் என்கிறோம். கிரேக்கத்தில் ‘கெனோஸ்’ என்றால் வெறுமை, ‘தாஃபோஸ்’ என்றால் கல்லறை. கடலோடு போனவருக்கும் அயல்மண்ணில் விழுந்தவருக்கும் உடலில்லாமலே ஊரார் எழுப்பும் கல்லறை அது.

முதல் உலகப் போருக்குப் பின் இச்சொல்லைப் பரப்பியது லண்டன். 1919 அமைதி ஊர்வலத்துக்குப் பிரதமர் லாயிட் ஜார்ஜ் சவமேடை ஒன்று கேட்டார். கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் செனோடாஃப் வரைந்து கொடுத்தார். முதலில் மரமும் சாந்தும்தான். மக்கள் விடவில்லை, மறு ஆண்டே கல்லில் எழுந்தது. அதன் உச்சியில் இருப்பது சவப்பெட்டி வடிவம். பலர் தூண் என்றே நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

உள்ளே யாருமில்லை என்பதில் ஒரு வசதியும் உண்டு. கோலாலம்பூர் ரயில் நிலையத்தருகே இருந்த செனோடாஃபை 1960களில் துகு நெகாரா என்ற தேசிய நினைவுச்சின்ன வளாகத்துக்கே மாற்றிவிட்டார்கள். பினாங்கில் 1929இல் கட்டியது இரண்டாம் உலகப் போரில் சிதைந்து 1948இல் மறுபடி எழுந்தது. இதைப் ‘புதுப்பித்தல்’ என்பது எனக்கு ஒப்பவில்லை. அது மீளக் கட்டியது. 1975இல் குண்டுவெடிப்பில் சேதமான துகு நெகாரா வெண்கலச் சிலைகளைச் செப்பனிட்டார்களே, அதுதான் புதுப்பித்தல்.

தமிழுக்கு வருவோம். ‘நினைவுச் சின்னம்’ மிக அகலமான சொல், மணிக்கூண்டுக்கும் பொருந்தும். நம்மிடம் ‘நடுகல்’ இருக்கிறது. கல் தேடும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதற்கு ஆறு நிலை வகுத்திருக்கிறது தொல்காப்பியம். தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று தமிழி எழுத்தில் இருக்கிறது. ஆள் பெயர், ஊர், அவன் மாண்ட ஆநிரைப் பூசல், அதாவது மாடு கவரும் சண்டை: செனோடாஃப் பலகைகளிலும் இதே மூன்றும்தானே! நடுகல்லின் கீழ் உடல் இருந்தே தீர வேண்டும் என்பதுமில்லை. படைவீரருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை.

ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட நம் தோட்டத் தொழிலாளர்கள் போருக்குப் போனவர்கள் அல்லர், வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள். அங்கே மாண்ட போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உண்டு. இவர்களுக்கு அப்படி இல்லை. இவர்களுக்கு எழுப்பும் கல்லை நடுகல் என்றால் வீரம் முன்னே வந்து கொடுமை மறைந்துவிடும். அங்கே ‘வெறுங்கல்லறை’ என்ற நேர்பெயர்ப்பையே எழுதுவேன்.