பதில் போகாத கடிதமும் தோஹாவில் மாறன் பிடித்த பிடியும்

முப்பது நாளுக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்த கடிதம், தொண்ணூறு நாள் கழித்து என் மேசைக்கு வந்தது. கொண்டு வந்தவர் திருப்பூரில் சிறிய அளவில் பனியன் ஏற்றுமதி செய்பவர். வரியில்லா ஒப்பந்தத்தின் கீழ் சரக்கு அனுப்பியிருந்தார். சி.ஓ. என்று நாங்கள் சொல்லும் பிறப்பிடச் சான்றிதழின் மீது வாங்கும் நாட்டுச் சுங்கத் துறை ஐயம் எழுப்பியது. துணி எங்கே பின்னப்பட்டது, நூல் யாருடையது என்று சான்று கொடுத்த அலுவலகம் வழியாகக் கேட்டிருந்தார்கள்.

“அதுக்கெல்லாம் பதில் எழுதணும்ங்களா? நம்மளை மாதிரி சின்ன ஆளுககிட்ட எதுக்குக் கேக்கறாங்கன்னு விட்டுட்டேனுங்க” என்றார்.

நூல் பில், நிட்டிங்குக்கு நூல் அனுப்பிய டி.சி. (டெலிவரி சலான்), சாயப்பட்டறை பில், காஸ்டிங் ஷீட் என எல்லாமே அவருடைய கம்பெனி ஃபைலில் இருந்தன. சரக்கும் சுத்தமாக நம் ஊர்ச் சரக்குதான். பதில் மட்டும் போகவில்லை. சலுகை ரத்தாகி 5 சதவீத வரியை பையர் கட்டினார், அதை அப்படியே இவருடைய பில்லில் கழித்துக்கொண்டார். பனியன் தொழிலில் 5 சதவீதம் என்பது பல ஆர்டர்களில் மொத்த லாபமே.

ஏற்றுமதி ஆவண ஆலோசகராக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிறேன். பன்னாட்டு வணிகத்தில் பேசாமல் இருப்பவரை யாரும் நடுநிலையாளர் என்று எடுத்துக்கொள்வதில்லை. அவர் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. இதை என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே, 2001 நவம்பரில், நம் ஊர்க்காரர் ஒருவர் உலகத்தின் முன் செய்து காட்டினார். அப்போது வர்த்தகம், தொழில் துறைகளின் மத்திய அமைச்சராக இருந்த முரசொலி மாறனைச் சொல்கிறேன்.

உலக வணிக அமைப்பில் முடிவுகள் பொதுவாக ஓட்டெடுப்பில் எடுக்கப்படுவதில்லை, ஒருமித்த கருத்தில் எடுக்கப்படுகின்றன. அந்த ஒருமித்த கருத்துக்கு அதை உருவாக்கிய ஒப்பந்தமே ஓர் அடிக்குறிப்பில் விளக்கம் தருகிறது. கூட்டத்தில் இருக்கும் எந்த உறுப்பு நாடும் முறைப்படி எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் எல்லோரும் ஒப்பினார்கள் என்று பொருள். யாரும் ‘சரி’ என்று சொல்ல வேண்டியதில்லை. வாய் திறக்காமல் இருந்தாலே போதும், உங்கள் நாடு கட்டுப்பட்டுவிடும்.

2001 நவம்பர் 9 முதல் 13 வரை கத்தாரின் தோஹாவில் அமைச்சர்கள் மாநாடு. 142 உறுப்பு நாடுகள். முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதலில் வெளிப்படைத்தன்மை, வணிக வசதிப்படுத்தல் (சுங்க நடைமுறைகளை எளிதாக்குவது) ஆகிய நான்கு புதிய விஷயங்களிலும் பேச்சுவார்த்தை தொடங்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் அழுத்தின. 1996 சிங்கப்பூர் மாநாட்டில் முளைத்ததால் இவற்றுக்குச் ‘சிங்கப்பூர் விவகாரங்கள்’ என்று பெயர். பழைய ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்குறுதிகளே நிறைவேறாத நிலையில் புதிய சுமை எதற்கு என்பது மாறனின் வாதம். அது திருப்பூருக்கு நன்றாகப் புரிந்த வாதம். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு சரக்கு வாங்கலாம் என்று வரம்பு கட்டிய ஜவுளிக் கோட்டா அப்போதும் இருந்தது, 2005 ஜனவரி 1 அன்றுதான் முழுதாக ஒழிந்தது. ஆர்டர் கையில் இருந்தும் கோட்டா கிடைக்காமல் சரக்கைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் பைல்களை நானே சுமந்திருக்கிறேன்.

மாநாடு ஒரு நாள் நீண்டது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக இறங்கி வர, இந்தியா ஏறத்தாழத் தனியாக நின்றது. கடைசியில் அறிக்கைக்குள் வந்தது ‘வெளிப்படையான ஒருமித்த கருத்து’ என்ற தொடர். நான்கு விஷயங்களிலும் பேச்சுவார்த்தை தொடங்க வேண்டுமானால், அடுத்த மாநாட்டில் அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டும், பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு மாறன் விடவில்லை. மாநாட்டுத் தலைவரான கத்தார் அமைச்சர் யூசுஃப் உசேன் கமால் அந்தத் தொடருக்குத் தன் விளக்கத்தை அவையில் வாசித்தார்: பேச்சுவார்த்தை நகர்வதைத் தடுக்கும் நிலைப்பாட்டை எடுக்க ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் உரிமை உண்டு. அதற்குப் பிறகுதான் 14ஆம் தேதி அறிக்கை நிறைவேறியது.

ஒரு பெயரடை, அவ்வளவுதான். ஆனால் மௌனத்துக்குச் சம்மதம் என்று இருந்த அர்த்தத்தை அந்த நான்கு விஷயங்களில் அது மாற்றிப்போட்டது.

திருக்குவளையில் 1934இல் பிறந்தவர் அவர். பத்திரிகை ஆசிரியராக எழுத்தில் வளர்ந்தார். 1967இல் அண்ணா முதலமைச்சராகி விட்டுக்கொடுத்த தென்சென்னைத் தொகுதியில் வென்று மக்களவைக்குப் போனார். வி.பி. சிங் அமைச்சரவையில் நகர்ப்புற வளர்ச்சி, 1996 முதல் தொழில் துறை, 1999 அக்டோபரில் வர்த்தகமும் தொழிலும். பதவியேற்ற சில வாரங்களிலேயே சியாட்டில் மாநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தொழிலாளர் தரத்தை வணிகத் தடையோடு முடிச்சுப் போடும் பேச்சு அங்கே எழுந்தது, இந்தியா எதிர்த்தது, மாநாடும் கலைந்தது. சொற்களோடு வாழ்ந்த ஆள் என்பதால்தான் தோஹாவில் ஒரு சொல்லின் எடை அவருக்குத் தெரிந்தது என்பது என் எண்ணம்.

அவரைக் கதவடைத்தவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்ற பிறகு, இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளை 2000 ஏப்ரலிலும் 2001 ஏப்ரலிலும் இரண்டு தவணையாக நீக்கியது அவர் காலத்தில்தான். சிறப்புப் பொருளாதார மண்டலங்களை அறிவித்த 2000ஆம் ஆண்டு ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையும் அவருடையதே.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் தோஹாவில் தள்ளிவைத்த நான்கில் ஒன்றான வணிக வசதிப்படுத்தல் என் தொழிலுக்கு நல்லதையே செய்தது. 2003 செப்டம்பரில் கான்கூன் மாநாடு முறிந்தபோது மாறன் படுக்கையில் இருந்தார், நவம்பர் 23 அன்று மறைந்தார். 2004இல் மற்ற மூன்றும் பட்டியலிலிருந்து விழுந்தன. வணிக வசதி மட்டும் தப்பி, 2013 பாலி மாநாட்டில் ஒப்பந்தமாகி, 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்படியென்றால் அவர் எதிர்த்தது தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. வந்த ஒப்பந்தத்தில், எந்தப் பிரிவை உடனே ஏற்பது, எதற்கு அவகாசம் வேண்டும், எதற்கு உதவியும் வேண்டும் என்று வளரும் நாடுகள் தாமே வகைபிரித்துச் சொல்லலாம். காத்திருந்ததற்குக் கிடைத்த விலை அது.

அதே தோஹாவில் மருந்துக் காப்புரிமை பற்றிய தனி அறிக்கையும் நிறைவேறியது. பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் நடவடிக்கைகளுக்குக் காப்புரிமை ஒப்பந்தம் தடையாக இருக்கக் கூடாது என்றும், காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் இன்னொருவர் அந்த மருந்தைத் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை வழங்க நாடுகளுக்கு உரிமை உண்டு என்றும் அது உறுதி செய்தது. 2012இல் இந்தியா தன் முதல் கட்டாய உரிமத்தைப் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு வழங்கியபோது, மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த விலை 8,880 ரூபாய்க்கு வந்தது.

நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது பெட்ஷீட் வழக்கு. இந்தியப் பருத்திப் படுக்கை விரிப்புகள் மீது ஐரோப்பா பொருள்குவிப்புத் தடுப்பு வரி (ஆன்டி-டம்பிங்) போட்டது, நியாய விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று சொல்லி. கரூர் போன்ற ஊர்களின் பிழைப்பே அந்தச் சரக்குதான். வரியைக் கணக்கிட்ட விதத்தில் ஒரு சூது இருந்தது. குறைந்த விலைக்கு விற்ற ரகங்களின் வித்தியாசத்தைச் சேர்த்தார்கள், அதிக விலைக்கு விற்ற ரகங்களைக் கழிக்காமல் பூஜ்யம் என்று வைத்தார்கள். இந்தியா உலக வணிக அமைப்பில் வழக்காடியது. 2001 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பும் இந்தக் கணக்கு செல்லாது என்றது.

இப்படிப்பட்ட விசாரணையில் ஏற்றுமதியாளருக்குக் கேள்விப்பட்டியல் வரும். பதில் தர குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பதில் தராவிட்டால் கைவசம் கிடைத்த தகவலை வைத்தே முடிவெடுக்கலாம் என்பதும் அதே விதிதான். கைவசம் கிடைப்பது பெரும்பாலும் உங்கள் மீது புகார் கொடுத்தவர் தந்த தகவல். இங்கும் பேசாதவருக்குத்தான் இழப்பு.

புதிய ஒப்பந்தம் பேசப்படும்போது ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சிலிலிருந்து கருத்துக் கேட்டுச் சுற்றறிக்கை வரும். எந்தப் பொருளுக்கு எந்த நாட்டில் எவ்வளவு வரி, பிறப்பிட விதி நூலிலிருந்தா துணியிலிருந்தா என்று நாம் சொல்லாவிட்டால் டெல்லியில் பேரம் பேசுபவருக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு வரியானாலும் எழுதுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள், ஆங்கிலத்தில் எழுதித் தர என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

சி.ஓ. எடுக்கும்போது சரக்குக் குறியீட்டின் முதல் ஆறு எண்களை இன்வாய்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பருத்தி அதிகமுள்ள டி-சர்ட் 6109 10. பாலியஸ்டர் அதிகமானால் 6109 90. கலவை மாறினால் குறியீடும் மாறும், பழைய ஃபைலைப் பார்த்து அடிக்காதீர்கள். நூல் பில்லிலிருந்து கப்பல் பில் வரை ஒரே ஃபைலில் ஐந்து ஆண்டு வைத்திருங்கள். இறக்குமதி செய்பவர்களுக்கும் இது பொருந்தும். 2020 செப்டம்பர் 21 முதல், சலுகை வரி கேட்கும் இறக்குமதியாளரே பிறப்பிட விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும், சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது.

பிறகு, சான்றிதழ் தளத்தில் உங்கள் கம்பெனி பெயரில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள். மேலே சொன்னவரின் விஷயத்தில் அது மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன மெர்ச்சண்டைசருடையது. அவர் நல்ல மனிதர், தாமதமாகப் பார்த்தாலும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அப்போதே முதல் முப்பது நாள் முடிந்திருந்தது.