அஸ்வெசும: பட்டியலில் பெயர் இருக்கு, கையில் காசு இல்லை

"அம்மா, உங்கட பேர் லிஸ்டில இருக்கு. காசு ஏன் விழேல்ல எண்டு எங்களுக்குத் தெரியாது. அடுத்த கிழமை வந்து பாருங்கோ."

இலங்கை அரசு ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் அஸ்வெசுமக் காசைத் தேடிப் போய், வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தின் கவுண்டரில் இந்த வசனத்தைக் கேட்ட அம்மாவுக்கு அது நாலாவது கிழமை. கச்சான் வறுத்து விற்பவர். சொப்பிங் பை ஒன்றுக்குள் அடையாள அட்டை, மின்சார பில், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் சுருட்டி வைத்திருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் இருந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம். அடையாள அட்டையில் தகப்பனுடைய முதலெழுத்து. வங்கிப் புத்தகத்தில் புருஷனுடைய முதலெழுத்து. அவ்வளவுதான் விஷயம். முதல் நாளே யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் நாலு நாள் வியாபாரம் கெட்டிருக்காது.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. சமுர்த்தி என்ற பழைய வறுமை நிவாரணக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. நடத்துவது நலன்புரி நன்மைகள் சபை. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. இவர்களை விடக் கொஞ்சம் வசதியானவர்கள் என்று வகுத்த மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் சிறிய தொகைதான் வைத்தார்கள், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்.

காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு: திறைசேரியிலிருந்து. அதில் நீங்கள் சவர்க்காரம் வாங்கும்போது கட்டும் வற் வரியும் இருக்கிறது. 2024 ஜனவரியில் அது 15 வீதத்திலிருந்து 18 ஆகியது. உலக வங்கி 2023 ஜூனில் இந்த நலன்புரி வேலைக்கென்று 20 கோடி டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, கடனாக. சர்வதேச நாணய நிதியமும் ஏழைகளுக்கான செலவை ஒரு மட்டத்துக்குக் கீழே குறைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறது. ஆகவே கவுண்டரில் யாராவது தங்கள் கைக்காசைத் தருவது போலப் பேசினால் தலை குனிய வேண்டாம். அந்தக் கடனை உங்கள் பிள்ளைகளும் சேர்ந்துதான் கட்டப் போகிறார்கள்.

இனி பெயர் வெட்டுப்படும் இடங்கள்.

உங்கள் வறுமையை யாரும் நேரே அளப்பதில்லை. படிப்பு, உடல்நிலை, பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். கணக்கெடுக்க வருபவர் உங்கள் வீட்டில் நிற்பது கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் எழுதியதுதான் பிறகு உங்கள் தலைவிதி.

எங்கள் பக்கம் அதிகம் அடிபடுவது வீட்டுத்திட்ட வீடுகள். போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் வந்தன. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம். அது போதாமல் தோட்டை அடகு வைத்து, கடன்பட்டு முடித்தவர்கள் ஏராளம். இன்று வந்து பார்ப்பவருக்குத் தெரிவது கல்வீடு, சீமெந்துத் தரை. உள்ளே அடுப்பு எரிகிறதா என்று பார்க்கப் படிவத்தில் இடமில்லை. ஒரு நாட்டின் உதவியில் எழும்பிய சுவர், சொந்த நாட்டின் உதவிக்குக் குறுக்கே நிற்கிறது. வீடு கிடைத்த விதத்தையும் கடனையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது மின்சார பில். மகள் குடும்பமும் அதே மீற்றரில் இருந்தால் இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் உங்கள் தலையில் விழும், வசதியான வீடு போலத் தெரியும். எத்தனை குடும்பம் அந்த மீற்றரில் என்று சொல்லியே ஆக வேண்டும்.

மோட்டார் சைக்கிளை 'ஓப்பன் பேப்பரில்' விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர்களும் கவனம். ஓடுவது வேறு ஆள், பதிவில் இருப்பது நீங்கள்; அது உங்கள் சொத்தாகத் தெரியும்.

"நாங்கள் சமுர்த்தி எடுத்தனாங்கள், தானா வரும்" என்று இருந்தவர்கள் கதை இன்னும் மோசம். தானாக வரவில்லை. எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தகவல் புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தல் வந்தாலும் இதே பாடம்தான்: ஏற்கெனவே காசு வருகிறது என்று சும்மா இருக்க வேண்டாம்.

படிவத்தை வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் வைக்காதீர்கள். வாசிக்கக் கேட்டுக் கையெழுத்து வைத்த பிறகு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

பெயர் விழாவிட்டால் மேன்முறையீடு. அதற்குக் கொடுக்கும் காலம் குறுகியது, அறிவித்தல் ஜி.எஸ். ஒபிஸ் (கிராம சேவகர் அலுவலகம்) சுவரில் ஒட்டி மழையில் கரைந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வரும். மேன்முறையீட்டில் "நான் மிகவும் கஷ்டப்பட்டவள்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கிறார்கள். கண்ணீர் வரும், புள்ளி வராது. எந்தப் பதில் பிழையாகப் பதிந்திருக்கிறது என்று ஒரு வரி, அதற்கு ஒரு ஆதாரம். மின்சார பில் கொப்பி, ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி, கடன் பத்திரம், இப்படி. எழுதித் தருகிறேன் என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

ஆட்சேபனை என்று இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்குக் காசு கொடுக்கக்கூடாது என்று அயலில் உள்ள ஒருவர் எழுதிக் கொடுக்கலாம். வேலிச் சண்டைகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்கின்றன. விசாரணைக்குக் கூப்பிட்டால் கூலி வேலையை விட்டாவது போங்கள்.

வங்கிக்குப் போகுமுன் அடையாள அட்டையில் உள்ள பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். கச்சான் அம்மாவின் கதை எங்கள் பெண்களுக்கு அடிக்கடி நடப்பது. கலியாணத்துக்குப் பிறகு எந்த முதலெழுத்து என்பதில் நாடே குழம்பிக் கிடக்கிறது. அடையாள அட்டையே இல்லாதவர்கள் முதலில் அதற்கு அலைய வேண்டும், வேறு வழியில்லை. காசு வரத் தொடங்கியதும் கடைக் கடனுக்காக ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பவர்களைப் பார்க்கிறேன். கடனைக் கட்டுங்கள், அட்டையைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் "சிஸ்டத்தில தெரியேல்ல" என்றே பதில் வந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். என்னைப் பற்றி எந்தக் குறிகாட்டிக்கு என்ன பதிந்திருக்கிறீர்கள், எத்தனை புள்ளி, எந்தக் காரணத்தால் நிராகரித்தீர்கள் என்று ஒரு வெள்ளைத் தாளில், தமிழிலேயே கேளுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதி எடுக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு வராதீர்கள். அந்தச் சீட்டைக் கேட்டதும், அதுவரை நிமிர்ந்து பார்க்காதவர் கதிரையைக் காட்டி "இருங்கோ அம்மா" என்று சொன்னதை இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.