ஃப்ரீ சாஃப்ட்வேர்: இலவசமா, கட்டற்றதா?

என் கணினியில் 'காசில்லாமல் வந்தவை' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. விளையாட சூப்பர்டக்ஸ்கார்ட், பேட்டில் ஃபார் வெஸ்நாத், 0 ஏ.டி.; படம் வரைய கிரிட்டா; முப்பரிமாண உருவம் செய்ய பிளெண்டர்; வீடியோ பார்க்க விஎல்சி; படங்களைச் சட்டென்று திறந்து பார்க்க இர்ஃபான்வியூ. யார் கேட்டாலும் "எல்லாம் ஃப்ரீ சாஃப்ட்வேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தபோது மாட்டிக்கொண்டேன். இலவச மென்பொருள் என்பதா, கட்டற்ற மென்பொருள் என்பதா? இரண்டும் ஒன்றல்ல. மேலே சொன்ன பட்டியலில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராது. எது என்று பிறகு சொல்கிறேன்.

'மென்பொருள்' என்ற பாதியில் சிக்கல் இல்லை. 'சாஃப்ட்வேர்' என்ற சொல்லைக் கணினி தொடர்பாக 1958-இல் அச்சில் பயன்படுத்தியவர் ஜான் டூக்கி என்ற புள்ளியியலாளர். 'பிட்' என்ற சொல்லைத் தந்தவரும் அவர்தான். வன்பொருளுக்கு எதிரே மென்பொருள் என்று தமிழில் வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. தகராறெல்லாம் முன்னால் நிற்கும் 'ஃப்ரீ'யோடுதான்.

இந்த ஃப்ரீ பழைய சொல். ஜெர்மானிய மொழிகளில் இதன் வேர் அன்பு, பிரியம் என்ற பொருளைச் சுற்றியது. வீட்டில் அடிமையாக இல்லாமல் நம்மவராக, பிரியத்துக்குரியவராக இருப்பவர் ஃப்ரீ. நண்பரைக் குறிக்கும் 'ஃப்ரெண்ட்' அதே வேரில் கிளைத்தது. சமஸ்கிருதத்தின் 'பிரிய'வும் அதற்கு உறவு. அங்கிருந்து வந்ததுதான் நாம் சொல்லும் 'பிரியம்'. ஆக, ஃப்ரீயும் பிரியமும் தூரத்துப் பங்காளிகள்! 'காசு வேண்டாம்' என்ற பொருள் இந்தச் சொல்லுக்கு வெகு பிந்தித்தான், 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில், வந்து சேர்ந்தது. அடிமையாக இல்லாதவருக்கும் விலை இல்லாத பொருளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் ஆகிப்போனது இப்படித்தான்.

மென்பொருள் உலகத்துக்குள் முதலில் நுழைந்தது காசுப் பக்கம். 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், பிசி-டாக் என்ற தொடர்பு நிரலை எழுதி, நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள், பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்புங்கள் என்று வெளியிட்டார். அந்த முறைக்கு 'ஃப்ரீவேர்' என்று பெயர் வைத்து, பெயரை வணிகக்குறியாகவும் பதிவு செய்துகொண்டார். இலவசம் என்று பெயர், அந்தப் பெயர் மட்டும் அவருக்கே சொந்தம். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பாப் வாலஸ் தன் பிசி-ரைட் என்ற எழுத்து நிரலோடு பரப்பிய 'ஷேர்வேர்' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் அது பகிர்மென்பொருள். 1993-இல் வந்த, அரக்கர்களைச் சுட்டுத் தள்ளும் டூம் விளையாட்டு பரவியதும் அந்த வழியில்தான்: முதல் பாகம் சும்மா, மிச்சம் காசுக்கு.

மறுபக்கம் 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985-இல் அதற்கென்று ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினார். அவர் சொன்ன ஃப்ரீ காசைப் பற்றியதே அல்ல. எந்த நோக்கத்துக்கும் நிரலை இயக்கலாம், மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய 'சோர்ஸ் கோடை', படித்து மாற்றலாம், நகலை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளுக்கும் 0 முதல் 3 வரை எண் உண்டு. முதலாவது பின்னால்தான் சேர்ந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுவே என்பதால் 0 என்று முன்னால் வைத்துவிட்டார்கள். காசு வாங்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. ஸ்டால்மனே ஈமேக்ஸ் என்ற தன் உரைத்திருத்தி நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். இன்றைக்கு கிரிட்டாவைப் பாருங்கள்: அதன் தளத்தில் சும்மா இறக்கிக்கொள்ளலாம், அதே கிரிட்டாவை ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசு கொடுத்தும் வாங்கலாம். இரண்டும் கட்டற்ற மென்பொருள்தான்.

படித்து மாற்றலாம் என்பது ஏட்டளவில் எனக்குப் புரிந்திருந்தது. கைக்குப் பட்டது, பென்குயின் வண்டி ஓட்டும் பந்தய விளையாட்டான சூப்பர்டக்ஸ்கார்டில். அதன் தரவுக் கோப்புறையில் வண்டிகளின் எடை, இயந்திரத் திறன், உச்ச வேகம் எல்லாம் வெறும் எண்களாக ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கின்றன. நோட்பேடில் திறந்து உச்ச வேகத்தை இரண்டு மடங்காக்கிச் சேமித்தேன். அடுத்த பந்தயத்தில் என் பென்குயின் முதல் வளைவிலேயே பாதையை விட்டுப் பறந்துபோய் விழுந்தது. கூடவே மற்ற வண்டிகளும் தாறுமாறாக ஓடின. எல்லாருக்குமான எண்ணை அல்லவா மாற்றியிருந்தேன்? அன்று பந்தயம் ஓடியதைவிட அந்தக் கோப்பைத் திருத்திய நேரம்தான் அதிகம்.

அதே வாரத்தில் ஃப்ரீ என்று போட்டிருந்த வேறொரு விளையாட்டையும் நிறுவினேன். கோட்டைச் சுவர் கட்டி முடிய நான்கு மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் காசு கொடுத்து ரத்தினக்கல் வாங்கு என்றது. அதற்கும் ஃப்ரீ, இதற்கும் ஃப்ரீ.

சரி, தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்துக்காரர்கள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க பிரெஞ்சிலிருந்து 'லீப்ர' என்ற சொல்லைக் கடன் வாங்கவேண்டியிருந்தது. லிப்ரே ஆஃபிஸ் என்ற பெயரில் இருப்பது அதுதான். நமக்கு அந்தக் கடன் தேவையில்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று இரண்டு சொற்கள் கையிலேயே இருக்கின்றன. கட்டு என்றால் பிணைப்பு, தடை. அற்ற என்றால் இல்லாத. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று சொல்லிக்கொள்வதால் சொல்லும் காதுக்குப் பழகிவிட்டது. 'தளையறு மென்பொருள்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் தளை என்றதும் எனக்கு வெண்பாதான் நினைவுக்கு வருகிறது. தளை தட்டினால் அங்கே மதிப்பெண் போய்விடும். 'சுதந்திர மென்பொருள்' தப்பில்லை, மலையாளத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழில் என்னவோ மென்பொருளே சுதந்திரம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது போல ஒலிக்கிறது. என் வாக்கு கட்டற்றதற்கே.

அதிலும் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 'ஃபீஸ் கட்டியாச்சா?' என்று கேட்கிறோமே, அந்தக் கட்டும் இதே கட்டுதான். கட்டணம் என்ற சொல் அதிலிருந்து வந்தது. ஆகவே கட்டற்ற மென்பொருள் என்றதும் 'கட்டவேண்டியதில்லை போல' என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவரைக் கோபிக்க முடியாது. ஃப்ரீயின் குழப்பம் கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

இன்னொன்று, கட்டற்றது என்றால் நிபந்தனையே இல்லாதது அல்ல. குனூ திட்டத்தின் ஜிபிஎல் உரிமத்தில் வரும் நிரலை மாற்றி வெளியிட்டால், மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் கொடுக்கவேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு, பதிப்புரிமைக்கு (காப்பிரைட்) எதிர்ப்பாட்டாக, அளிப்புரிமை (காப்பிலெஃப்ட்) என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று. அப்புறம் 'ஓப்பன் சோர்ஸ்', அதாவது திறமூலம்: 1998-இல் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த பெயர். ஃப்ரீ என்றாலே காசு ஞாபகம் வருகிறது என்ற அலுப்பும் அதற்கு ஒரு காரணம். நடைமுறையில் பெரும்பாலும் அதே மென்பொருள்கள்தான் இரண்டு பெயருக்குள்ளும் வரும்.

டூமின் பிற்கதையும் இங்கே உதவும். 1997-இல் அதன் மூலநிரலை வெளியிட்டார்கள், 1999-இல் ஜிபிஎல் உரிமத்திலும் தந்தார்கள். ஆனால் அரக்கர்களின் படங்கள், ஒலிகள், விளையாட்டுக் கட்டங்கள் அதில் சேரவில்லை. நிரல் கட்டற்றது, அரக்கர் கட்டுக்குள்! அந்த ஓட்டையை அடைக்கப் பலர் கூடிப் புதிதாகப் படங்களும் கட்டங்களும் செய்த திட்டம்தான் ஃப்ரீடூம். ஒரே விளையாட்டுக்குள்ளேயே சொல்லைப் பார்த்துப் போடவேண்டியிருக்கிறது.

பட்டியலில் சேராதது இர்ஃபான்வியூ. 1996 முதல் வருகிறது, வீட்டு உபயோகத்துக்குக் காசு கேட்பதில்லை, மின்னல் மாதிரி திறக்கிறது. மூலநிரல் மட்டும் வெளியில் கிடையாது. வணிகப் பயன்பாட்டுக்குக் காசும் உண்டு. ஆக அது இலவச மென்பொருள், கட்டற்றது அல்ல. அதற்காக அதை நீக்கிவிடவில்லை. கோப்புறையைத்தான் இரண்டாகப் பிரித்தேன். 'கட்டற்றவை' என்பதில் ஆறு போயின. 'இலவசம்' என்பதில் இர்ஃபான்வியூ தனியாக இருக்கிறது. ரத்தினக்கல் விளையாட்டை எந்தப் பெயரில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுவர் கட்டி முடிவதற்குள் அதை நீக்கியே விட்டேன்.